‘சுகர் பார்டரில் இருக்கிறது’ என்று சொன்ன பிறகு: நலப் பயிற்றுநர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, “சுகர் பார்டரில் இருக்கிறது, சாப்பாட்டைக் குறையுங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய பிறகு எழும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. உறக்கம், மன அழுத்தம், புகைப்பழக்கம் போன்ற பலவற்றுக்கும் நலப் பயிற்சி அளிக்கப்படுகிறது. எனினும், நீண்ட காலம் தொடர்ந்து சோதித்துப் பார்க்கப்பட்ட களம் நீரிழிவுத் தடுப்பு என்பதால், விடைகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே அமைந்துள்ளன.

‘பார்டர் சுகர்’ என்றால் சரியாக என்ன?

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோலின்படி, வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை, அல்லது எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை, அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 140 முதல் 199 வரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை ஆகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, இந்த இடைநிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி. இந்நிலையில் உடலில் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. வலி இருந்தால் மனிதர் தாமே வழி தேடுவார். வலியே இல்லாத ஒன்றுக்காகத் தினமும் ஒரு வேலையைச் செய்வதுதான் கடினம்.

நலப் பயிற்றுநர் என்பவர் யார்? மருத்துவர், உணவியல் நிபுணர் ஆகியோரிடமிருந்து எப்படி வேறுபடுகிறார்?

மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுகிறார். உணவியல் நிபுணர் எதை, எவ்வளவு சாப்பிடலாம் என்று வகுத்துத் தருகிறார். ‘ஹெல்த் கோச்’ என்று பொதுவாக அழைக்கப்படும் நலப் பயிற்றுநரின் வேலை இவ்விரண்டும் முடிந்த இடத்தில் தொடங்குகிறது. அந்த அறிவுரை உங்கள் செவ்வாய்க்கிழமை காலைக்குள் எப்படி நுழையப்போகிறது, எது அதைத் தடுக்கிறது, தடுத்தபோது என்ன செய்தீர்கள் என்பதையே அவர் உங்களோடு உட்கார்ந்து பேசுகிறார். அவர் நோயைக் கணிப்பதில்லை, மருந்தைத் தொடுவதில்லை. தொடுபவர் பயிற்றுநர் அல்லர்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத்தான் தெரியுமே. பிறகு எதற்கு இன்னொருவர்?

இதுவே பலரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. இனிப்பு கெடுதல், நடை நல்லது என்பது தெரியாதவர் இன்று அநேகமாக இல்லை. தெரிந்ததற்கும் செய்வதற்கும் இடையே உள்ள தூரத்தை இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்வதால் கடந்துவிட முடியாது என்பதே இத்துறையின் அடிப்படை.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், மதுப்பழக்கத்திலிருந்து மீள முயன்றவர்களோடு பணியாற்றிய அனுபவத்தை வைத்து 1983-இல் ஓர் உரையாடல் முறையை முன்வைத்தார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து அதை விரிவுபடுத்தினார். “குடிக்காதே” என்று எதிரில் இருப்பவர் வற்புறுத்த வற்புறுத்த, குடிப்பதற்கான காரணங்களைக் குடிப்பவர் தம் வாயாலேயே அடுக்கத் தொடங்குகிறார் என்பது அவர் கண்டது. மாறாக, மாற்றத்துக்கான காரணத்தை அவர் வாயிலிருந்தே வரவழைத்தால், அவர் அதற்குக் கட்டுப்படும் வாய்ப்பு கூடுகிறது. நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். அப்பாவிடம் மகன், “இனிப்பு வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது?” என்று கேட்கும் அன்றுதான், “எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை வெல்லம் சாப்பிட்டார்” என்ற வரலாறு வெளிவரும். தேர்ந்த பயிற்றுநர் அந்த வாக்குவாதத்துக்குள் நுழைவதில்லை. “இந்த முடிவைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது?” என்று கேட்டுவிட்டு, விடை வரும் வரை காத்திருக்கிறார்.

இது பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு. சீனாவின் டாச்சிங் நகரில் 1986-இல் 577 பேரோடு தொடங்கிய ஆய்வில், உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றுக்கான ஆறு ஆண்டு வழிகாட்டல் நீரிழிவைக் கணிசமாகக் குறைத்தது. முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழுவினருக்கு நீரிழிவு வருவது சராசரியாக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. பின்லாந்தில் 522 பேரை வைத்து நடந்த ஆய்வு 2001-இல் 58 விழுக்காடு குறைவைக் காட்டியது.

அமெரிக்காவில் 27 மையங்களில் 3,234 பேரோடு நடந்து 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வே இவற்றுள் மிகப் பெரிதாகப் பேசப்பட்டது. அதில் ஒரு குழுவுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும், ஒரு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும், ஒரு குழுவுக்கு வாழ்க்கைமுறைப் பயிற்சியும் தரப்பட்டன. பயிற்சிக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்றுநர் இருந்தார். முதல் 24 வாரங்களில் 16 பாடங்கள் நேருக்கு நேர் நடந்தன. பிறகு ஏறத்தாழ மாதம் ஒரு சந்திப்பு. இலக்குகள் இரண்டே: உடல் எடையில் 7 விழுக்காடு குறைவது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு அது ஐந்து கிலோ கூட இல்லை. வெற்று மாத்திரைக் குழுவோடு ஒப்பிட, மெட்ஃபார்மின் குழுவில் நீரிழிவு 31 விழுக்காடு குறைந்தது. பயிற்சிக் குழுவில் 58 விழுக்காடு குறைந்தது.

இந்த எண்ணோடு அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 24 வாரப் பாடங்கள் முடிந்தபோது எடை இலக்கை எட்டியிருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். ஆய்வின் இறுதிச் சந்திப்பில் அது 38 விழுக்காடாக இறங்கியிருந்தது. அத்தனை வசதியும் கவனிப்பும் கிடைத்த இடத்திலேயே பிடி தளர்ந்திருக்கிறது. இருந்தும், பத்தாம் ஆண்டில் கணக்கெடுத்தபோது பயிற்சிக் குழுவில் நீரிழிவு 34 விழுக்காடு குறைவாகவே இருந்தது. முழுமையாகக் கடைப்பிடித்தால்தான் பலன் என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவையெல்லாம் வெளிநாட்டு உடல்கள், வெளிநாட்டு உணவு. நம்மவர்களிடம் சோதித்திருக்கிறார்களா?

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை வைத்து நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வு 2006-இல் வெளியானது. பயிற்சியோ மருந்தோ பெறாத குழுவில் மூன்றாண்டுக் கணக்கில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குள் போய்விட்டனர். வாழ்க்கைமுறைப் பயிற்சி பெற்றவர்களில் அது 39.3 விழுக்காடு. ஒப்பீட்டளவில் இது 28.5 விழுக்காட்டுக் குறைவு. அமெரிக்க எண்ணின் பாதிதான். நம்மவர்கள் குறைந்த எடையிலும் இளம் வயதிலும் நீரிழிவுக்கு ஆளாகிறார்கள், நோய் வேகமாக முற்றுகிறது என்பதை முதல் எண்ணே சொல்கிறது. பயிற்சிக் குழுவினரின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது என்பதும் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய செய்தி. தராசு முள் அசையவில்லை என்று இரண்டாம் மாதமே நடையை நிறுத்துபவர்களுக்கு இதைச் சொல்லாமல் இருப்பது தவறு.

எல்லா முயற்சிகளும் வென்றுவிடவில்லை. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,007 பேரோடு, அந்தந்தப் பகுதி மக்களுள் ஒருவரையே குழுத்தலைவராக்கி நடத்தப்பட்ட திட்டத்தின் முடிவு 2018-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் பயிற்சிக் குழுவில் 14.9 விழுக்காட்டினருக்கும் மற்றக் குழுவில் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. புள்ளியியல் நோக்கில் இது உறுதியான வேறுபாடு அன்று. காய்கறி, பழம் உண்பது கூடியது, மது குறைந்தது போன்ற மாற்றங்கள் இருந்தன. நலப் பயிற்சி யாருக்கும் உறுதிச்சீட்டு அன்று என்பதற்காகவே இதையும் இங்கே குறிப்பிடுகிறோம்.

ஓர் அமர்வில் உண்மையில் என்ன நடக்கும்?

ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கும் 48 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். “நடக்க நேரமே இல்லை, மேடம்” என்று அவர் தொடங்குகிறார். திறமை குறைந்தவர் இந்த இடத்தில், காலை ஐந்து மணிக்கு எழுந்தால் நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார். தேர்ந்தவர், “நேற்று காலையிலிருந்து இரவு வரை என்னென்ன செய்தீர்கள், அக்கா, சொல்லுங்கள்” என்று கேட்கிறார். கடை மூடி, பேருந்துக்கு இருபது நிமிடம் நிற்பது அப்போது தெரியவருகிறது; இரவு ஒன்பதரைக்கு மேல் பசி மீறிப்போய் மூன்று கரண்டி சோறு ஐந்தாகிவிடுவதும் தெரியவருகிறது. நடையைவிட அந்த இரவுச் சோறுதான் முதலில் கைவைக்க வேண்டிய இடம் என்று அவரே சொல்லும்போது, பயிற்றுநரின் வேலை பாதி முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி, அந்த முடிவை ஒரு குறிப்பிட்ட நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போடுவது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் ஆராய்ந்து நிறுவிய ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற திட்ட முறை இங்கே பயன்படுகிறது. “இனி இரவில் குறைவாகச் சாப்பிடுவேன்” என்பது ஆசை. “ஆறு மணித் தேநீரோடு ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடுவேன், வீட்டுக்குப் போனதும் முதலில் பொரியலையும் குழம்பில் உள்ள காயையும் தட்டில் வைத்துக்கொண்டு, பிறகுதான் சோற்றுப் பானையைத் திறப்பேன்” என்பது திட்டம். அடுத்த வாரம் பேசும்போது எத்தனை நாள் நடந்தது, எந்த நாள் தவறியது, தவறிய நாளில் என்ன நிகழ்ந்தது என்று மட்டும் கேட்கப்படும். மதிப்பெண் போடுவது இல்லை.

இருபத்தொரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அந்த எண் ஆய்விலிருந்து வந்ததன்று. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், முகம் மாற்றப்பட்ட நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழக ஏறத்தாழ 21 நாள் ஆவதாக 1960-இல் எழுதினார்; அது வாய்வழியாகப் பரவி எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலையை எட்டுவதற்கான நடு அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. எளிய செயல்கள் விரைவில் படிந்தன. உடற்பயிற்சிக்கு நாள் கூடுதலாகப் பிடித்தது. மண்டலக் கணக்கில் 48 நாள் விரதம் இருந்து பழகிய நமக்கு, மூன்று வாரத்தைவிட இது நம்பத் தகுந்ததாகவே தோன்ற வேண்டும்.

தீபாவளி, கல்யாணம், காய்ச்சல் என்று இடையில் விட்டுப்போனால் எல்லாம் வீண்தானே?

இல்லை. மேற்சொன்ன ஆய்விலேயே, ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. கெடுதல் செய்வது தவறிய நாள் அன்று. அதற்கு மறுநாள் எழும் “இனிமேல் என்ன, பொங்கல் கழித்துப் புதிதாகத் தொடங்கலாம்” என்ற எண்ணமே. ஆகவே திருமண வாரத்துக்கான திட்டம் திருமணத்துக்கு முந்தைய அமர்விலேயே பேசப்பட வேண்டும். பந்தியில் இலை போட்டபின் மன உறுதியைத் தேடுவது காலம் கடந்த செயல். மறுத்தால் மாமியார் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள் என்ற கவலையும் உண்மையானதே. ஒரு இனிப்பை மட்டும் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் முறை சோறு வாங்காமல் இருப்பது என்று முன்னரே தீர்மானித்துப் போனவர் பெரும்பாலும் அதைக் காப்பாற்றுகிறார்.

அரிசியை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கும் கேழ்வரகுக்கும் மாறினால் போதுமா?

அளவு குறையாமல் தானியம் மட்டும் மாறினால் பெரிய பயன் இல்லை. இரவில் நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டுவிட்டு, சோற்றைத் தொடவில்லை என்று ஆறுதல் அடைபவர்கள் நம்மிடையே ஏராளம். தட்டில் தானியத்தின் பங்கு குறைந்து, பருப்பு, பயறு, தயிர், முட்டை, மீன், காய் ஆகியவற்றின் பங்கு கூட வேண்டும். உங்களுக்கான அளவை உணவியல் நிபுணரிடமே கேட்டுப் பெறுங்கள். அதைத் தட்டுக்குக் கொண்டுவருவதற்குத்தான் பயிற்றுநர்.

வீட்டில் சமைப்பவர் வேறொருவர். நான் மட்டும் மாறி என்ன செய்வது?

தமிழ்க் குடும்பங்களில் இது தனிமனிதரின் பழக்கமே அன்று, அடுப்பங்கரையின் பழக்கம். மனைவியோ அம்மாவோ சமைக்கும் வீட்டில், ஆணுக்கு மட்டும் பத்து அமர்வுகள் நடத்துவதைவிட, சமைப்பவரையும் அழைத்து ஓர் அமர்வு நடத்துவது மேல் என்பது என் கருத்து. ஆனால், “அவருக்கு இதைக் கொடுக்காதீர்கள்” என்று சமைப்பவரைக் காவலராக்கிவிடக் கூடாது. ஒருவருக்குத் தனிச் சமையல் என்பது ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது. எல்லாரும் உண்ணும் சாம்பாரில் பருப்பும் காயும் கூடுவது ஓடும். சமைப்பவருக்கே சர்க்கரை இருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது: எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் உண்ணும் பெண்ணுக்கு நேரமும் அளவும் அவர் கையில் இல்லை. அதைக் கேட்டறியாமல் அட்டவணை கொடுப்பது பயனற்றது.

வாட்ஸ்அப் செய்தியோ கைப்பேசிச் செயலியோ போதாதா?

ஓரளவுக்குப் போதும் என்றே சான்று சொல்கிறது. இராமச்சந்திரன் குழுவினர் தென்னிந்தியாவில் வேலைக்குப் போகும் 537 ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள் கைப்பேசிக் குறுஞ்செய்தி அனுப்பி நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. எல்லாருக்கும் ஒரே செய்தி அனுப்பப்படவில்லை. அவரவர் மாற்றத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதற்கேற்ப அது அமைக்கப்பட்டது. காலை வணக்கப் பூங்கொத்தோடு வரும் பொது அறிவுரைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. காலடி எண்ணும் செயலி, நீங்கள் இன்று 2,000 அடிதான் நடந்தீர்கள் என்று சொல்லும். முழங்கால் வலித்ததா, மழையா, மனம் சரியில்லையா என்று கேட்காது.

பயிற்றுநரிடம் சேர்ந்துவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. ஏற்கெனவே இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் திடீரெனச் சாப்பாட்டைக் குறைத்தாலும் நடையைக் கூட்டினாலும் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் தெரிவித்து, மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். “மூன்று மாதத்தில் மாத்திரையே இல்லாமல் ஆக்கிக் காட்டுகிறேன்” என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

நல்ல பயிற்றுநரை எப்படி அடையாளம் காண்பது?

அமெரிக்காவில் நலப் பயிற்றுநர்களுக்கெனத் தேசிய வாரியம் ஒன்று உள்ளது. மருத்துவத் தேர்வுகளை நடத்தும் தேசிய வாரியத்தோடு இணைந்து 2017 முதல் அது சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. இந்தியாவில் ஒருவர் வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டும் பலகை மாட்டிக்கொள்கிறார். எனவே சோதனை உங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் உரையாடலில் அவர் அதிகம் பேசினாரா, நீங்கள் அதிகம் பேசினீர்களா என்று பாருங்கள். உங்கள் மருத்துவரின் சீட்டைக் கேட்டாரா என்று பாருங்கள். சத்துமாவோ, பொடியோ, டப்பாவில் அடைத்த பானமோ விற்கிறார் என்றால், அவர் விற்பனையாளர். அந்த வேலை தவறில்லை, ஆனால் அது வேறு வேலை.

கட்டணம் கொடுக்க வசதி இல்லை. வழி உண்டா?

உண்டு. அமெரிக்காவின் தேசிய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்திலேயே பயிற்றுநராக மருத்துவப் பட்டம் தேவையில்லை. பயிற்சி பெற்ற பொதுமக்கள் அதை ஓராண்டு நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்து, மாத்திரை தருகிறார்கள். அவர்கள் முறையான பயிற்றுநர்கள் அல்லர். ஆனால் மாதாமாதம் வாசலுக்கு வந்து பெயர் சொல்லி விசாரிக்கும் ஒருவர், தொடர் கவனிப்பின் பாதியைத் தந்துவிடுகிறார். மாவட்டந்தோறும் 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளும் உள்ளன.

இவை எதுவும் எட்டாத இடத்தில், அதே பரிசோதனை முடிவோடு இருக்கும் அண்டை வீட்டாரையோ அலுவலக நண்பரையோ துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு ஏழு மணிக்குப் பத்து நிமிடத் தொலைபேசி. இருவரும் கேட்கும் கேள்வி மூன்றே. சொன்னதில் எத்தனை நாள் நடந்தது? எது குறுக்கே வந்தது? வரும் வாரத்துக்கு எது? அறிவுரை சொல்வதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். உறவினர்களுக்குள் செய்தால் இந்த ஒப்பந்தம் மூன்றாம் வாரத்தில் உடைந்துவிடும் என்பதால் நண்பரே நல்லது.

எவ்வளவு காலம் தொடர வேண்டும்? எப்போது நிறுத்துவது?

மூன்று மாதத் தொகுப்புகளே பெரும்பாலும் விற்கப்படுகின்றன. அது மாற்றத்தைத் தொடங்குவதற்குப் போதும், நிலைப்பதற்குப் போதாது. முதல் இரண்டு மாதம் வாரந்தோறும், அடுத்த நான்கு மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பின்னர் ஆண்டு முடியும் வரை மாதம் ஒருமுறை என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி பார்ப்பது குறித்து மருத்துவர் முடிவு செய்வார்.

பயிற்றுநர் கேட்கும் முன்பே, “அடுத்த வாரம் ஊர்த் திருவிழா, மூன்று நாள் நடை இருக்காது, அதனால் மதியச் சோற்றை மட்டும் இப்படி வைத்துக்கொள்ளப் போகிறேன்” என்று நீங்களே திட்டத்தோடு வரத் தொடங்கிவிட்டால், மாதாந்தரக் கட்டணத்தை நிறுத்திக்கொள்ளலாம். பணி மாறுதல், இரவுப் பணி, முழங்கால் அறுவை, குழந்தைப்பேறு போல நாளின் ஒழுங்கே மாறும் சமயங்களில் மட்டும் மீண்டும் இரண்டு மூன்று அமர்வுகளுக்குப் போனால் போதும்.